மருந்துக்கு மசியாத மலேரியா

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றளித்தது. எனவே இந்நோய் பாட்டன்மார் காலத்துக் கதை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆனால் நுளம்பு ஒழியவில்லை. நகரங்களிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் இனம் மன்னாரிலே காணப்பட்டமை 2017இல் வெளியாயிற்று. பிறநாடுகளிலிருந்து நோயோடு வருவோரும் உளர். அவர்கள் கொணரும் கிருமி மருந்துக்கு மசியாததாயின் என் செய்வோம்?

குளோரோக்குவின் பட்ட பாட்டைக் கேளுங்கள். மலேரியாக் கிருமி நம் செங்குழியத்துட் புகுந்து ஈமோகுளோபினைத் தின்கிறது. எஞ்சும் ஈம் அதற்கே நஞ்சு. ஆதலால் அதனைப் பளிங்காக்கி ஒதுக்கிவிடும். குளோரோக்குவின் அதைத் தடுத்து, கிருமியைத் தன் கழிவாலேயே மாளச் செய்தது. 1950களின் இறுதியில், தாய்லாந்து - கம்போடிய எல்லைப்புறத்தில் இம்மருந்து தோற்கத் தொடங்கிற்று. காரணம் 2000ஆம் ஆண்டளவிற்றான் தெளிவாயிற்று. கிருமியின் உணவுப்பைச் சுவரிலுள்ள ஒரு புரதம் சிறிதே மாறி, மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. இலக்கு அப்படியே இருக்கிறது, அம்புதான் திருப்பியெறியப்பட்டது! பின்வந்த ஆர்ட்டிமிசினினுக்கும் அதே கம்போடியாவில் எதிர்ப்புத் தோன்றிற்று. இன்று ருவாண்டா, உகண்டா ஆகிய நாடுகளிலும் காணப்படுகிறது.

ஆகவே புதிய இலக்கு வேண்டும். அது கிருமிக்கு இன்றியமையாததாகவும் நமக்கு இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். அத்தகையதொன்று அப்பிகோபிளாஸ்ட். ஆதியிலே இக்கிருமியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கிற்று. அப்பாசியின் பச்சையவுருமணி நிறமிழந்து இன்றும் உள்ளே கிடக்கிறது. சூரன் மாமரமாய் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அத்துணை வியப்பன்று. எனினும் உவமையை மிக இழுத்தல் தகாது. இவ்வுறுப்பு ஒளித்தொகுப்புச் செய்வதில்லை. ஐசோபிரீன் அலகுகளை ஆக்குகிறது. நம் உடலும் அவற்றை ஆக்குகிறது, ஆனால் வேறு வழியால். 2011இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அவ்வலகை வெளியிலிருந்து ஊட்டியபோது, இவ்வுறுப்பையே இழந்த கிருமியும் பிழைத்திருந்தது! குருதியில் வாழுங்கால் அதனால் ஆகவேண்டிய காரியம் அவ்வொன்றே என்பது அதனாற் புலனாயிற்று.

பொஸ்மிடொமைசின் என்னும் மருந்து அவ்வழியிலுள்ள ஒரு நொதியத்தை முடக்குமென 1999இல் ஜெர்மன் ஆய்வாளர் காட்டினர். நோயாளருக்குக் காய்ச்சல் விரைவில் தணிந்தது. தனியே கொடுத்தபோதோ பலரில் மீண்டது. இலக்கை அறிவது வேறு, மருந்தாக்குவது வேறு.

அம்மருந்து வரும்வரை நாம் வாளாவிருத்தல் கூடாது. இந்தியாவுக்கு யாத்திரை போய்வந்தவர், ஆபிரிக்காவில் தொழில் பார்த்து மீண்டவர் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், போன இடத்தை வைத்தியரிடம் தாமாகவே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேட்கச் செய்யுங்கள். நம் சங்கத்தார் வீடுகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.