ஒரே பை, ரெண்டு ஊர், ரெண்டு விலை

ஒரே கம்பெனி, ஒரே டிசைன், ஒரே கைப்பை. ஆனா பாரிஸ்ல ஒரு விலை, டோக்கியோவுல ஒரு விலை. ஏன் அப்படி? இதுல யாருக்கு லாபம்? இன்னிக்கு எபிசோடுல அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். ஜப்பான்ல சாதாரண மக்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக அனுமதி கிடைச்சதே 1964-லதான். எழுபதுகள்ல அவங்க கூட்டம் கூட்டமா பாரிஸ் போனாங்க. லூயி விட்டானுக்கு அப்ப பிரான்ஸ்லயே ரெண்டே கடைதான். பாரிஸ் கடை வாசல்ல ஜப்பானியர்கள் வரிசை கட்டி நின்னாங்க.

காரணம், அதே பை டோக்கியோவுல ரெண்டு மூணு மடங்கு விலை. அங்க வித்தது கம்பெனி இல்ல. வியாபாரிங்க பாரிஸ்ல வாங்கிட்டு வந்து ஜப்பான்ல வித்தாங்க. சரக்கு ஒரிஜினல்தான், வந்த வழிதான் வேற. பார்க்கர் பேனா வழக்குல இந்த மாதிரி இறக்குமதி தப்பில்லைன்னு 1970-லேயே ஒசாகா நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால சட்டத்தை வச்சு இதைத் தடுக்க வழியில்ல.

1978-ல லூயி விட்டான் நேரடியா ஜப்பானுக்கு வந்துச்சு. அங்க பொறுப்புல இருந்த ஹாட்டா கியோஜிரோ, விலையையே ஆயுதமா எடுத்தார். பாரிஸ் விலையைப் போல சுமார் 1.4 மடங்குதான் வச்சாங்க. சரக்குக் கட்டணம், சுங்க வரி, கடைச் செலவு எல்லாம் சேர்த்தா இது நியாயம்னு வாங்குறவங்களுக்கும் தோணும், இடைத்தரகருக்கும் லாபம் சுருங்கும்.

அப்புறம் 1985-ல பிளாசா ஒப்பந்தம். சுமார் 240 யென்னா இருந்த ஒரு டாலர், ரெண்டே வருஷத்துல 150-க்கும் கீழ இறங்குச்சு. யென்னுல சம்பளம் வாங்குறவங்களுக்கு வெளிநாட்டுச் சாமான் எல்லாம் திடீர்னு கைக்கு எட்டுச்சு. ஆபீஸ் போற இளம் பெண்கள்கூட மோனோகிராம் பை வச்சிருந்தாங்க. அந்த மோகம் பொருளாதாரம் சரிஞ்ச பிறகும் போகல. 2002-ல ஒமோதேசாந்தோவுல பெரிய கடை திறந்தப்போ, முதல் நாளே நீளமான வரிசை.

இப்ப 2024-க்கு வருவோம். எல்லாமே தலைகீழ். 2020 ஆரம்பத்துல சுமார் 120 யென்னா இருந்த யூரோ, 2024 ஜூலைல 175-ஐத் தொட்டுச்சு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பாரிஸ்ல ஒரு பை 1,000 யூரோ. டோக்கியோ கடையில விலைச்சீட்டு 1,50,000 யென். 175-ஆல வகுத்தா சுமார் 857 யூரோதான் வருது. வெளிநாட்டுப் பயணிக்கு 10 சதவீத நுகர்வு வரியும் கிடையாது. அதையும் கழிச்சா 780-க்குப் பக்கம். சீனாவுல அதே பைக்கு இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து விலை இன்னும் அதிகம். அப்போ ஷாங்காய்ல இருக்கிறவர் என்ன செய்வார்? ஃப்ளைட் பிடிச்சு டோக்கியோ வருவார்.

அதேதான் நடந்துச்சு. லூயி விட்டானோட தாய் நிறுவனமான எல்விஎம்எச்-க்கு 2024 இரண்டாம் காலாண்டுல ஜப்பான் விற்பனை 57 சதவீதம் ஏறுச்சு. ஜப்பான் தவிர்த்த ஆசியாவுல 14 சதவீதம் இறங்குச்சு. வாங்குற ஆள் பலரும் அதே ஆளுங்கதான், கடைதான் மாறுச்சு.

அப்போ கம்பெனி ஏன் டோக்கியோ விலையை உடனே ஏத்தல? ஏத்துனா உள்ளூர்க்காரங்க கைவிட்டுப் போயிடுவாங்க. அவங்க சம்பளம் யூரோ கூடவே ஏறல இல்லையா? ஏத்தாம விட்டா, யென்னுல வந்த பணத்தை யூரோவா மாத்தும்போது லாபம் கரையும். அதனால கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாங்க. ஒவ்வொரு தடவை ஏத்துனபோதும், சுற்றுலா வந்தவருக்கு அது இன்னும் மலிவாத்தான் இருந்துச்சு. பக்கத்துத் தெருவுல வேலை பார்க்கிறவருக்கு மட்டும் அந்தப் பை ஒரு படி தள்ளிப் போச்சு.

அதனால 'ஜப்பான்ல சீப்'னு ஒரு ரீல்ஸ் பார்த்தீங்கன்னா, ஒரு கேள்வி கேளுங்க: எந்தக் காசுல சம்பளம் வாங்குறவருக்கு சீப்?