தகுதிகாண் காலத்தில் ஒரு விமானி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். இப்போது வளைகுடா நாடொன்றில் ஒரே விமான நிறுவனத்தில் வேலை செய்கிறோம். ஒருவர் விமானிகளைச் சேர்க்கும் பிரிவில், மற்றவர் பயிற்சிப் பிரிவில். விமானம் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர்களைப் பற்றிய கோப்புகளைத்தான் ஓட்டுகிறோம். உரையை இருவருமாக எழுதினோம், வாசிப்பது ஒருவர்.

இச்சங்கம் தொடங்கிய நாட்களில் நமது ஊரின் வாசல் தலைமன்னார் இறங்குதுறை. 1914 முதல் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது; 1964 டிசம்பர் புயலோடு அந்தப் பாதை முடிந்தது. எங்கள் தலைமுறைக்கோ வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் விமானம். இன்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் விமானியாக என்ன பாடம் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். வேலை கிடைத்த பிறகு நடக்கும் சோதனையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நம்மில் பலர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். நியமனக் கடிதத்தில் மூன்று வருடத் தகுதிகாண் காலம் என்று இருக்கும். வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடைந்து, பெரிய முறைப்பாடு ஒன்றும் இல்லாவிட்டால் நியமனம் நிரந்தரமாகிவிடும். விமானியின் தகுதிகாண் காலம் பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். காலம் குறைவு, கண்கள் அதிகம். முதலில் வகுப்பறை. பிறகு சிமியுலேற்றர் என்னும் போலி விமானம். அதில் இயந்திரம் நிற்கும், தீப்பிடிக்கும், பனி மூடும். அதன் பின் பயணிகளோடு உண்மையான பறப்பு. பக்கத்து ஆசனத்தில் பயிற்சி கொடுக்கும் கப்டன். ஒவ்வொரு பறப்புக்கும் ஓர் அறிக்கை எழுதப்படும். கடைசியில் ஒரு பரிசோதனைப் பறப்பு.

கைத்திறனை அளப்பது பெரிய பாடில்லை. எவ்வளவு உயரத்தில் நின்றார், எவ்வளவு வேகத்தில் இறங்கினார் என்பதை விமானமே பதிந்து வைக்கும். சிக்கல் மனப்பாங்கில்தான். அதை எந்தக் கருவியும் பதிவதில்லை. மனிதர்தான் எழுத வேண்டும். மனிதர் எழுதுவதில் அவருடைய விருப்பும் வெறுப்பும் சேர்ந்து வரும்.

பேசாலையில் ஒரு சம்மாட்டி புதுப் பெடியனைப் படகில் ஏற்றினால் அவன் வலை இழுக்கும் கையை மட்டும் பார்ப்பதில்லை. காற்று மாறும்போது வாய் திறக்கிறானா, தெரியாததைத் தெரியும் என்கிறானா, கரைக்கு வந்து பிழையை அடுத்தவன் தலையில் போடுகிறானா என்றெல்லாம் பார்ப்பார். விமானத்துறை இதே பாடத்தைப் பல உயிர்களைக் கொடுத்துத்தான் படித்தது.

1978 டிசம்பர் 28ஆம் திகதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைட்டட் நிறுவனத்தின் விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சில்லு சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்ற சந்தேகம். கப்டன் அதிலேயே கவனமாக இருந்தார். எரிபொருள் குறைவதை மற்றவர்கள் கண்டார்கள், சொன்னார்கள், ஆனால் காதில் விழும்படி சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். விசாரணை செய்தவர்கள் இரண்டு விடயங்களைக் கேட்டார்கள். கப்டன்மார் மற்றவர்களையும் சேர்த்து முடிவெடுக்கப் பழக வேண்டும். கீழே உள்ளவர்கள் உறுதியாகப் பேசப் பயிற்றப்பட வேண்டும். 1981இல் அதே நிறுவனம் அப்படி ஒரு பயிற்சியைத் தொடங்கியது; பின்னர் அது உலகமெங்கும் பரவியது.

இருந்தும் 2010 மே 22இல் மங்களூர் நடந்தது. துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். கப்டன் பயணத்தில் நீண்ட நேரம் நித்திரையில் இருந்திருக்கிறார்; குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. இறங்கும்போது உயரம் அதிகம், வேகமும் அதிகம். மீண்டும் மேலெழும்படி துணை விமானி மூன்று தடவை சொன்னார். கப்டன் கேட்கவில்லை. ஓடுபாதையில் பாதிக்கும் மேல் கடந்த பிறகே சில்லு தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் எட்டுப் பேர். வளைகுடாவில் உழைத்து வீடு திரும்பிய சனங்கள். எங்கள் விடுதியில் அந்தக் கிழமை முழுவதும் மலையாளமும் துளுவும் அழுதுகொண்டிருந்தன.

அங்கே துணை விமானி பேசினார். கேட்கும் மனப்பாங்குதான் இருக்கவில்லை. ஆகவே தகுதிகாண் காலத்தில் புதியவர் பேசுகிறாரா என்று மட்டும் பார்த்துப் பயனில்லை. அவரே ஒரு நாள் கப்டனாவார்; அன்றைக்குக் கேட்பாரா என்பதையும் இன்றே பார்க்க வேண்டும்.

காத்மாண்டு இன்னும் நெருக்கமாகச் சுடுகிறது. 2018 மார்ச் 12இல் டாக்காவிலிருந்து போன யூஎஸ்-பங்ளா விமானம் அங்கே நொறுங்கி 51 பேர் இறந்தார்கள். தன் பயிற்றுவிக்கும் திறமையை ஒரு பெண் சக ஊழியர் குறை சொன்னதாக அறிந்து கப்டன் உடைந்துபோய் இருந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. வழி முழுக்க அதையே பேசினார், கொக்பிற்றில் சிகரெட் புகைத்தார். பக்கத்தில் இருந்தவர் பிருதுலா ரஷீத், 25 வயது, அந்த நிறுவனத்தின் முதற் பெண் விமானி. காத்மாண்டுவில் அதற்கு முன் அவர் இறங்கியதில்லை. வயதும் பதவியும் கூடிய ஒருவர் அழுது புலம்பும்போது இருபத்தைந்து வயதுப் பிள்ளை என்ன சொல்ல முடியும்? நம்மில் யாரும் என்ன சொல்லியிருப்போம்?

இங்கேதான் நமது பாடசாலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் விடுகைப் பத்திரத்தில் நடத்தை என்ற இடத்தில் ஆசிரியைமார் அன்போடு எழுதித் தந்த சொற்கள் அடக்கம், பணிவு, மரியாதை. அந்தக் காலத்தில், அந்தச் சூழலில், பெண்பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்த்த சொற்கள் அவை. குறை சொல்லவில்லை. ஆனால் கொக்பிற்றில் அந்தச் சொற்கள் போதாது.

எங்கள் கைக்கு வந்த ஒரு கோப்பைச் சொல்கிறோம். ஊர், பெயர் வேண்டாம். தகுதிகாண் காலத்தில் இருந்த ஒரு பெண் துணை விமானி. முதல் இரண்டு கப்டன்மாரும் நல்லவர், அடக்கமானவர், சொன்னதைச் செய்பவர் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாமவர் எழுதியது: குறுக்கே பேசுகிறார், ஒத்துழைப்புக் குறைவு. கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்றாவது அறிக்கையைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

ஐரோப்பாவில் 1990களில் உருவாக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது, நொட்டெக்ஸ் என்பார்கள். அதன் விதிகள் எங்களுக்கு வேதம். கண்ணால் கண்ட நடத்தையைத்தான் எழுதலாம். குணத்தை ஊகிக்கக் கூடாது. அந்த நடத்தையால் பறப்புக்கு உண்மையில் ஒரு விளைவு இருந்திருக்க வேண்டும். ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது. திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். குறை என்று எழுதினால் விளக்கமும் எழுத வேண்டும்.

ஆகவே அந்தக் கப்டனிடம் கேட்டோம். அவர் என்ன சொன்னார், எப்போது, அதனால் என்ன நடந்தது? தரையிறங்கும் கட்டத்தில், 1000 அடிக்குக் கீழே, வேகம் சீராகாமல் இருந்திருக்கிறது. மேலெழுவோம் என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. கப்டன் மேலெழுந்தார்; மனம் புண்பட்டார். கைநூலின்படி பிள்ளை சொன்னதுதான் சரி. அப்படியானால் அந்தக் கோப்பில் இருந்த மிக நல்ல அறிக்கை அந்த மூன்றாவதுதான். எங்களைக் கவலைப்படுத்தியவை முதல் இரண்டுமே. அவற்றில் அவர் வாய் திறந்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்த இரு கப்டன்மாரிடமும் போய், அவர் பேச வேண்டிய நேரம் ஏதும் வந்ததா, வந்தபோது என்ன செய்தார் என்று கேட்டு எழுதி வாங்கினோம். நிறைவேற்ற இரண்டு கிழமை பிடித்தது. அவருடைய நியமனம் உரிய நாளில் உறுதியானது.

எல்லாக் கோப்பும் இப்படி முடிவதில்லை. சிலரை அனுப்பத்தான் வேண்டும். துப்புரவுத் தொழிலாளியோடும் வான் சாரதியோடும் ஒரு முகம், கப்டனோடு வேறு முகம் என்று இருப்பவர்கள். பறப்பு முடிந்து பிழையைப் பேசும்போது ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் காட்டுபவர்கள். பழைய தோல்விகளை மறைத்து வந்தவர்கள். 2019 பெப்ரவரியில் ஹூஸ்டன் அருகே அட்லஸ் எயார் சரக்கு விமானம் விழுந்து மூவர் இறந்தனர். துணை விமானி முன்னைய நிறுவனங்களில் பயிற்சியில் தவறியதை மறைத்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. கடைசி நாள் வரை சிரித்துப் பேசிவிட்டு ஒரு கடிதத்தோடு அனுப்புவது மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. குறை இரண்டாம் மாதம் தெரிந்தால் இரண்டாம் மாதமே, முகத்தைப் பார்த்து, எழுத்திலும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 2015 மார்ச் 24இல் ஜேர்மன்விங்ஸ் துணை விமானி 149 பேரோடு மலையில் மோதினார். தன் நோயை நிறுவனத்துக்கு அவர் மறைத்திருந்தார். அதன் பிறகு ஐரோப்பிய விதிகள் புதிய விமானிகளுக்கு உளவியல் மதிப்பீட்டையும், விமானிகள் சக விமானிகளிடமே மனம் திறந்து பேசும் உதவித் திட்டத்தையும் கட்டாயமாக்கின. இரண்டாவதுதான் முக்கியம் என்பது எங்கள் எண்ணம். நித்திரை வரவில்லை என்று சொன்னாலே வேலை போய்விடும் என்று பயந்தால், தகுதிகாண் காலத்தில் இருப்பவர் நிச்சயம் மறைப்பார்.

தேநீருக்குப் பிறகு உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக மேல்மாடியில் இருப்போம். பயிற்சிச் செலவு, கண் பரிசோதனை, கணிதம், ஆங்கிலம், எதைப் பற்றியும் கேட்கலாம். அம்மாமாரும் வரலாம், ஆனால் கேள்வியைப் பிள்ளைதான் கேட்க வேண்டும்.