மேல்வீடும் கீழ்வீடும்

ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பங்களை வாடகைக்கு அமர்த்தியவர், அவ்விரு குடும்பங்களின் அமைதிக்கும் ஓரளவு பொறுப்பாளியாகின்றார். முறைப்பாடு வரும் நாளிலேதான் இவ்வுண்மை அவருக்குப் புலப்படுகின்றது.

வெள்ளவத்தையில் நெருங்கி நிற்கும் மாடிவீடுகளுள் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கீழ்வீட்டில் இருப்பவர் வெதுப்பகத் தொழிலாளி. விடியுமுன் வேலைக்குச் செல்பவர். "ஐயா, மேலே பிள்ளைகள் நடுச்சாமத்திலும் ஓடித் திரிகிறார்கள். அவர்களை எழுப்பிவிடுங்கள்; அல்லது நான் போகிறேன்" என்கின்றார்.

இச்சொல்லை அப்படியே மேல்வீட்டுக்குக் கொண்டு செல்வது பெரும் பிழை. முறைப்பாட்டுக்காரர் ஒலிக்குச் சாட்சியாவார். ஒலியின் காரணத்துக்குச் சாட்சியாகார். எனவே, விவேகமுள்ள வீட்டுக்காரர் நாளையும் நேரத்தையும் குறித்துத் தரும்படி கேட்பார். பின்பு ஓரிரவு கீழ்வீட்டிலே தாமே விழித்திருப்பார். இரண்டு மணிக்கு ஏதோ இழுபடும் ஓசை. சற்றுப் பொறுத்து மீண்டும் அதே ஓசை.

மறுநாள் மாலை மேலே சென்று, "தங்கச்சி, இரவிலே ஏதும் சிரமமோ?" என்று மட்டும் வினவுகின்றார். பிள்ளைகள் ஒன்பது மணிக்கே உறங்கிவிடுகின்றனர். பாரிசவாதத்தால் நடக்க இயலாத தாயாரையே, மகள் கதிரையில் இருத்தி மலசலகூடத்துக்கு இழுத்துச் செல்கின்றாள். அக்கேள்வி எழாதிருப்பின், ஒரு நோயாளி வீடிழந்திருப்பார்.

காற்றில் வரும் ஒலியைச் சுவரும் கதவும் ஓரளவு தடுக்கும். தளத்தில் உராயும் ஒலியோ கொங்கிறீற்றினூடே நேராகக் கீழிறங்கும். அதனைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். கதிரைக் கால்களுக்கு இறப்பர்க் குப்பிகள் இட்டால் பாதித் தொல்லை தீரும். இறப்பர்ச் சில்லுள்ள கதிரை கிடைத்தால் இன்னும் நன்று.

எல்லோரும் இவ்வாறு இணங்கிவிடுவர் என்பதில்லை. வேண்டுமென்றே இரைச்சலிடுவோரும் உளர். அவர்க்கு நேர ஒழுங்கை எழுத்திலே கொடுக்கலாம். அதுவும் பயனின்றேல், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், அயலவருக்குத் தொல்லையாக நடப்பவரை வெளியேற்ற வழி வகுத்தது. எனினும் அது தொல்லையா எனத் தீர்மானிக்கும் உரிமையை நீதிமன்றத்துக்கே அளித்தது. நீரையும் மின்சாரத்தையும் துண்டித்து ஒருவரை விரட்டுவது முறையன்று.

கீழ்வீட்டாருக்குக் காரணத்தைச் சொல்லுமுன், வீட்டுக்காரர் மகளின் சம்மதத்தைப் பெற வேண்டும். அதன்பின் இரவில் சிற்றோசை கேட்டாலும், கீழே இருப்பவர் மேலே ஒரு மகள் விழித்திருக்கின்றாள் என எண்ணித் திரும்பிப் படுப்பார்.