பேய் பேசுகிற பாஷை

(மீஞ்சூரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



"சினிமாவைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். நான் பேய்ப்படத்தை எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் பேயா என்று பயப்படாதீர்கள், சீக்கிரம் ஓட்டிவிடுகிறேன்!

2005-ல் வந்த 'சந்திரமுகி'யைப் பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். ஜோதிகா கண்ணை உருட்டிக்கொண்டு என்ன பாஷை பேசுகிறார்? தெலுங்கு. இதற்கு மூலம், 1993-ல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்'. அதில் ஷோபனா பேசுவது நம்ம தமிழ்! அந்த நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி. 2007-ல் இந்தியில் 'பூல் புலையா' என்று எடுத்தார்கள். அங்கே பேய் பெங்காலி பேசுது. ஆக, எந்த ஊரிலும் பேய் உள்ளூர்க்காரி இல்லை, பக்கத்து ஊர்க்காரி!

பேயே இல்லை, மனநோய் என்று அந்தப் படங்களே சொல்கின்றன. இருந்தாலும் நம்மைப் பயமுறுத்த வேற்று பாஷை தேவைப்படுது. இன்னொன்றையும் பாருங்கள். அந்த நாட்டியக்காரியைக் கொன்றவன் அரண்மனைக்காரன். ஆனால் நாம் பயப்படுவது அவளைப் பார்த்து.

வெள்ளைக்காரனும் இதையேதான் செய்தான். 'டிராகுலா' நாவல் 1897-ல் வந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து லண்டன்காரர் ரத்தத்தைக் குடிக்கிற பிரபுவின் கதை. கிழக்கு ஐரோப்பிய ஏழைகள் லண்டனில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1905-ல் அவர்களைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள். 1931-ல் படமானபோது டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி பேசியதும் ஹங்கேரி வாடை அடிக்கிற இங்கிலீஷ்தான்.

இதையெல்லாம் மீஞ்சூரில் நின்று ஏன் பேசுகிறேன்? நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் ஒரே பெட்டியில் தமிழ், தெலுங்கு, ஒரியா, இந்தி எல்லாம் கேட்கும். அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் வேலை பார்க்க எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வருகிறார்கள். 2018-ல், வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது. அந்த மே மாதம், இதோ பக்கத்துப் பழவேற்காட்டில், யாரென்றே தெரியாத ஒருவரைச் சந்தேகத்தில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அங்கே பேய் யார்?

சினிமாவில் பயந்தால் டிக்கெட் காசோடு போச்சு. வெளியே பயந்தால் உயிர் போகுது. நாம் நாலெழுத்து படித்தவர்கள். அப்படியொரு செய்தி கைக்கு வந்தால் அடுத்தவருக்குத் தள்ளாமல் நம்மோடு நிறுத்துவோம். பாஷை தெரியாத தம்பி வழி கேட்டால், கையைக் காட்டியாவது வழி சொல்லுவோம்.