கடைசி ஸஃப்பில் நின்றவர்

 

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்துவந்த வடமாநிலச் சகோதரர் ஒருவர் ஜும்ஆ தோறும் எங்கள் பள்ளிவாசலுக்கு வருவார். கடைசி ஸஃப்பில் நிற்பார். தொழுகை முடிந்ததும் ஸலாம் கூறி, முஸாஃபஹா செய்துவிட்டு வேலைக்கு விரைவார். சில வாரங்கள் அவரைக் காணவில்லை. விசாரித்தபோது, காய்ச்சலில் வஃபாத்தாகிவிட்டார், ஜனாஸாவைச் சொந்த ஊருக்குக் கொண்டு சென்றுவிட்டார்கள் என்றனர். துஆச் செய்யக் கைகளை ஏந்தினேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை! இரண்டாண்டுகள் கைகொடுத்த மனிதரின் பெயரை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

நெருங்கிப் பழகாதவரின் மரணத்திற்கு இத்தனை வருத்தம் ஏன் எனச் சிலர் எண்ணலாம். நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு விடை இருக்கிறது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி மரணித்துவிட்டார். இது சிறிய விஷயம் என்று கருதி, ஸஹாபாக்கள் நபியவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. நபியவர்களோ, அவரைக் காணாது தாமே விசாரித்தார்கள். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை எனக் கேட்டார்கள். அவருடைய கப்ருக்குச் சென்று தொழுதார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

சகோதரர்களே! 2025 செப்டம்பர் 30 அன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் என்ன மதத்தவர் என்று பார்த்தா நாம் வருந்துவது? ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று கூறப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதிலளித்தார்கள்.

ஆகவே, அறிந்தும் அறியாதவராக வாழ்ந்து மறைந்தவருக்கு நாம் செய்ய வேண்டியவை உண்டு. முஸ்லிமாயின் மஃக்ஃபிரத்துக்காக துஆச் செய்யுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கும் அனுமதி உண்டு. யாராயினும், உடன் தங்கியிருந்தவர்களைத் தேடிச் சென்று ஆறுதல் கூறுங்கள். அவர்கள் மூலம் ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். தம் பிள்ளையை இங்கும் ஒருவர் தேடினார் என்பது அந்தப் பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்.

அதற்கும் முன்பாக, உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். வீட்டுக்குப் பால் கொண்டு வருபவர், தெருக் காவலாளி, பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் ஆகியோரின் பெயரும் ஊரும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இந்த ஜும்ஆவில் ஸலாம் கூறியதோடு நின்றுவிடாமல், ஒருவருடைய பெயரையேனும் கேட்டு அறிந்துகொண்டு வீடு திரும்புங்கள்.

யா அல்லாஹ்! அந்தச் சகோதரரின் பெயரை நாங்கள் அறியோம், நீ அறிவாய். அவருடைய கப்ரை விசாலமாக்குவாயாக! எங்கள் கவனக்குறைவை மன்னிப்பாயாக! ஆமீன்.