கரை ஒதுங்கிய உடுமீன்கள்



2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், கிழக்கிலிருந்து வீசிய கடுங்குளிர்ப் புயலொன்று இங்கிலாந்தின் கரையைத் தாக்கியது. அது தணிந்தபின் கென்ற் பகுதியின் றாம்ஸ்கேற் கடற்கரையிலும், வடக்கே யோக்சயர்க் கரையிலும் உடுமீன்கள் திரளாகக் கிடந்தன.

உடுமீன் என்கிறோம், அது மீனன்று. செதிலுமில்லை, துடுப்புமில்லை. உடலினுள் ஓடும் குழாய்களிலுள்ள நீரின் அழுத்தத்தால் அதன் நூற்றுக்கணக்கான சிறு கால்கள் இயங்குகின்றன. அக்கால்களாற் சிப்பியின் ஓடுகளை இழுத்துத் திறந்து, தன் இரைப்பையையே வெளியே நீட்டி உண்ணும். சிப்பிகள் மலிந்த ஆழமற்ற கடலே அதற்கு விருந்து மண்டபம். புயலலை அடித்தரைவரை கலக்குவதும் அவ்விடத்திலேதான். பிடி நழுவினால் அலை கரையில் எறிந்துவிடும். அங்கே உடல் உலர, கால்களும் ஓய்ந்துவிடும்.

யோக்சயரில் மீனவரும் இயற்கை பேணுவோரும் கூடி, உயிரோடிருந்த சிங்கிறால்களைப் பொறுக்கித் தொட்டிகளிற் காத்தனர். சிங்கிறாலுக்குச் சந்தையில் விலையுண்டு. அதனால் வாழும் குடும்பங்களும் உண்டு. ஆகவே குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் விலையில்லாத உடுமீனையே என் மனம் சுற்றியது.

கரையில் உடுமீனைக் காணும் நேயர் அதன் அடிப்புறத்தை உற்றுநோக்குக. சிறு கால்கள் அசையுமாயின் உயிருண்டு. ஈரக்கையால் எடுத்து, வீசியெறியாமல், நீரினுள் மெல்ல இறக்கிவிடுக.