களிமண் நிலமும் பூஞ்செடிகளும்



வீட்டு முற்றத்திலே நான்கு பூஞ்செடிகள் நிற்கவேண்டுமென விரும்பாதார் நம்முள் அரியர். ஆயினும், களிமண் நிலத்திலே குடியிருப்போர் பலர், "இந்த மண்ணில் ஒன்றும் பிடிக்காது" என்று கூறிக் கைவிட்டு விடுகின்றனர். மண்மீது சுமத்தப்படும் இப்பழி நியாயமானதுதானா என்பதையே இன்று சிறிது ஆராய விரும்புகின்றேன்.

மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கருங்களி நாடறிந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990ஆம் ஆண்டில் மூடப்படும் வரையில், அதற்கு வேண்டிய களிமண்ணை உதவியது அந்நிலமே. கட்டுக்கரைக் குளத்தின் நீரைப் பெற்று நெல் விளைவிப்பதும் அதுவே. நெல்லுக்குத் தாயாகிய மண் பூஞ்செடிக்கு மாத்திரம் பகையாவதேன்?

விடை மண்ணின் இயல்பிலே இருக்கின்றது. களியின் துகள் ஒரு மில்லிமீற்றரின் 500இல் ஒரு பங்கிலும் சிறியது. அதனால் அது நீரையும் உரச்சத்தையும் எளிதில் விடாது பற்றிக்கொள்ளும். இது அதன் செல்வம். ஆனால் மாரியில் நீர் வடியாது தேங்க, வேர் மூச்சின்றி அழுகுகின்றது. கோடையிலோ நிலம் சுருங்கி வெடிக்க, வேர் அறுபடுகின்றது. ஆகவே குறை சத்தில் அன்று. நீரும் காற்றும் இயங்கும் வழியிலேயே உள்ளது.

உங்கள் நிலம் களியா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கயிறுபோல் உருட்டி வளையமாக வளையுங்கள். வெடிப்பின்றி வளைந்தால் அது களி. அடுத்து, ஓரடி ஆழக் குழியில் நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நீர் நின்றால், அவ்விடத்திற் செடியைத் தாழ நடுதல் ஆகாது.

இனி, செடியை அறிதல் வேண்டும். புறப்பொருள் வெண்பாமாலை கற்கும் மாணவர், வெட்சி நிரை கவர்தல் என்றும், நொச்சி மதில் காத்தல் என்றும் பிழையின்றி எழுதுவர். ஆனால், தம் வீட்டு வேலியில் நிற்கும் நொச்சியைக் காட்டுமாறு கேட்டால் திகைப்பர். நூலிற் கண்ட பெயர் நிலத்திலும் தெரியவேண்டாமா?

நொச்சியின் ஓரிலை, கைவிரல்கள்போல் மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்திருக்கும், கசக்கினால் மணக்கும், பூ ஊதா நிறமானது. ஈரத்தையும் வரட்சியையும் தாங்குவதால், களிநிலத்து வேலிக்கு இதனிற் சிறந்தது அரிது. தடியை வெட்டி நட்டாலே துளிர்க்கும். வெட்சியின் இலைகளோ எதிரெதிராக இருக்கும். சிறு குழாய்போன்ற நாலிதழ்ச் செம்பூக்கள் கொத்தாய் மலரும். முருங்கன் களியிற் போலச் சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் இது வாடும். இளந்தளிரின் நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பரப்பு மஞ்சளாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், சுண்ணாம்பினால் அது வேருக்கு எட்டாமையே காரணம். அங்கே வெட்சியை வேறு மண் நிரப்பிய சாடியில் வளர்ப்பதே தக்கது.

பூவில்லாக் காலத்தும் செடியை இலையால் அறியப் பழகவேண்டும். இதில் உயிர்க்காப்பும் அடங்கியுள்ளது. கணுவொன்றில் இரண்டிலைகள் எதிரெதிராய் நின்று, ஒடித்தாற் பால் வடிந்தால் நந்தியாவட்டையென ஊகிக்கலாம். நீண்டு ஒடுங்கிய தடித்த இலைகள் கணுவுக்கு மூன்றாய் நின்றால் அலரி. ஒடுங்கிய இலைகள் ஒவ்வொன்றாய்க் கிளையைச் சுற்றி நின்று பால் வடிந்தால் மஞ்சளலரி. அலரியும் மஞ்சளலரியும் கடுமண்ணிலும் செழிக்கும். ஆயின் இரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையன. சிறுவர் விளையாடும் இடத்திலும், ஆடுமாடு கட்டும் இடத்திலும் இவற்றை நடாதீர்கள். தப்பித்தவறிக் குழந்தை தின்றுவிட்டால், அறிகுறி தோன்றும் வரை காத்திராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நடும் முறையையும் கேளுங்கள். களி சேறாயிருக்கும்போது கொத்தினால் கட்டியாகி இறுகும். காய்ந்தபோது மண்வெட்டி ஏறாது. புரட்டாதியின் முதன் மழைக்குப் பின், கையிற் பிசைந்தால் ஒட்டாது உதிரும் பதத்திலே கொத்தவேண்டும். சிறிதளவு மணல் இட்டாற் போதுமென எண்ணுவோர் ஏமாறுவர். அது களியுடன் சேர்ந்து செங்கல்போல் இறுகலாம். மக்கிய சாணி எருவும் தழையுமே களியை உதிரியாக்கும். ஆழக் குழி தோண்டி நல்ல மண் நிரப்புவதும் தவறு. சுற்றிலும் களி நிற்பதால், அக்குழி மாரியில் நீர் ஏந்தும் கிண்ணமாகிவிடும். ஓரடி உயர மேடு கட்டி, எருவும் அவ்விடத்து மண்ணும் கலந்து, ஐப்பசியில் அதன்மீது நடுங்கள். மாரி ஓய்ந்ததும் அடியைச் சுற்றித் தென்னந் தும்போ சருகோ நாலங்குலம் பரப்புங்கள்; தண்டை மாத்திரம் அது தொடாதிருக்கட்டும். கோடையில் வெடிப்புக் குறையும்.

மண்ணை மாற்ற முயன்று தோற்பதிலும், மண்ணை அறிந்து அதற்கிசைந்த செடியைத் தேர்தலே மேலானது. வருகின்ற புரட்டாதிக்கு முன், உங்கள் வேலியில் நிற்கும் செடிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுங்கள். நஞ்சுடையது எதுவென்பதை முதலிற் சொல்லுங்கள்.